தானாகச் சுழன்ற சக்கரம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு வீட்டு நகை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா மகன் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறான். விளிம்பில் கீல் போட்டு எடைகள் தொங்கவிட்ட சக்கரம் ஒன்றை ஏதோ காணொளியில் பார்த்திருக்கிறான். ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், தானே சுழன்று மோட்டாருக்குக் கரண்ட் தருமாம். பொறியியல் படிக்கும் அவன் மகள் அதைப் பைத்தானில் எழுதி ஓட்டிப் பார்த்தாள். திரையில் சக்கரம் நிற்கவே இல்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. "கம்ப்யூட்டரே சொல்லுதுல்லா மாமா" என்று, நகையை அடகு வைத்து லேத்துப் பட்டறையில் ஆர்டர் கொடுக்கக் கிளம்பிவிட்டான்.

ஆற்றல் அழிவின்மை விதியைச் சொன்னேன். "பாஸ்கராச்சாரியாரே பாதரசச் சக்கரம் எழுதியிருக்காரே" என்றான். உண்மைதான், 1150இல் எழுதினார். அதன்பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ நாட்டில் செய்து பார்த்தார்கள். ஒன்றும் ஓடவில்லை. இனி இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இலேயே முடிவெடுத்துவிட்டது. இதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. சரி, அவன் நம்பும் கம்ப்யூட்டரையே கேட்போம் என்று பேத்தியோடு உட்கார்ந்தேன்.

முதலில், ஒவ்வொரு படியிலும் இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் கூட்டி எழுதச் சொன்னேன். உராய்வு இல்லை, வெளியிலிருந்து யாரும் தள்ளவும் இல்லை என்றால் அந்தக் கூட்டுத்தொகை மாறக் கூடாது. மாறியது, ஏறிக்கொண்டே போனது. அடுத்து, நேர இடைவெளியைப் பாதியாக்கச் சொன்னேன். அதே பத்து விநாடியில் ஆற்றல் ஏற்றம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. "தாத்தா!" என்றாள், புரிந்துவிட்டது. நிஜச் சக்கரத்துக்கு நாம் கணக்கை எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்று தெரியாது. துண்டின் அளவைப் பொறுத்து மாறும் லாபம் சக்கரத்தில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. அவள் எழுதியது ஆய்லர் முறை. துண்டின் தொடக்கத்தில் இருந்த வேகமே கடைசிவரை இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. செக்கு மாடு ஒவ்வொரு அடியையும் வளையாமல் நேராகவே வைத்தால் என்ன ஆகும்? வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அதே கதைதான்.

கால்குலேட்டர் இருப்பவர்கள் சரிபாருங்கள். 1 கிலோ நிறை, விறைப்பு மாறிலி 1 நியூட்டன்/மீட்டர் உள்ள சுருள்வில், நேர இடைவெளி 0.1 விநாடி. ஆய்லர் முறையில் ஒவ்வொரு படிக்கும் ஆற்றல் 1.01 மடங்காகும். நூறு படியில், அதாவது பத்தே விநாடியில், 2.7 மடங்கு! இடைவெளியை 0.01 ஆக்கினால் அதே பத்து விநாடியில் சுமார் 10.5 சதவீதம்தான் கூடும்.

திருத்தம் ஒரே வரி. முதலில் புது வேகத்தைக் கண்டுபிடி, பிறகு அந்தப் புது வேகத்தை வைத்து இடத்தை நகர்த்து. சுருள்வில்லில் ஆற்றல் லேசாக ஏறி இறங்குமே தவிர, மலை ஏறாது. 1967இல் லூப் வெர்லே 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணக்கிட்டது இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு முறையில்தான். சக்கரத்திலும் வரியை மாற்றி, இடைவெளியையும் சிறிதாக்கினோம். கூட்டுத்தொகை படுத்துவிட்டது. உராய்வைச் சேர்த்ததும் சக்கரம் இரண்டு பக்கமும் ஆடி நின்றுவிட்டது.

மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆற்றல் ஏறினால், கொஞ்சம் உராய்வைப் போட்டு அமுக்கிவிடாதீர்கள். அது ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடுவது. படம் அழகாக இருக்கும், கணக்கு தப்பாகவே இருக்கும்.

மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ முப்பந்தல் காத்தாடி மட்டும் சும்மா சுத்துதே?" என்றான். நல்ல கேள்வி. அது சும்மா சுற்றவில்லை, காற்றின் வேகத்தைக் குறைத்துத்தான் சுற்றுகிறது. அதிலும் காற்றின் ஆற்றலில் 27இல் 16 பங்குக்கு மேல் எந்தக் காத்தாடியாலும் எடுக்க முடியாது என்றேன்.

நகை பீரோவில் இருக்கிறது. அந்தக் காணொளி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், "ஆற்றல் கூட்டுத்தொகையைக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார், வள்ளியூர்