துண்டு போர்த்திய ஸ்பீக்கர்

பணி ஓய்வுக்குப் பிறகு ஆளுக்கொரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்குக் கோயில் யாத்திரை, சிலருக்கு மாடித் தோட்டம். எனக்கு ஸ்பீக்கர் பெட்டி. தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். சால்டரிங் அயர்ன் பிடித்த கை சும்மா இருக்குமா?

எனக்கு ஆசை காட்டியது எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர். 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்பதற்காக உருவாக்கியது. உயரம் ஓர் அடிதான். புத்தக அலமாரியில் அடங்கிவிடும். அப்படியே நகல் எடுக்க எனக்கு வசதியும் இல்லை, திறமையும் இல்லை. அந்த அளவில் ஒன்று செய்து பார்க்கலாமே என்று இறங்கினேன்.

முதல் ஜோடியை எனக்கே செய்துகொண்டேன். எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர், கச்சேரிப் பிரியர், அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க சார்" என்றார். அந்த இரண்டாவது ஜோடியின் கதைதான் இது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து ஐந்து அங்குல ஊஃபரும், ஒரு அங்குலப் பட்டு டோம் ட்வீட்டரும் வாங்கினேன். பெட்டி 18 மில்லிமீட்டர் பிளைவுட். 12 அங்குல உயரம், 8 அகலம், 10 ஆழம். உள்ளே சுமார் 10 லிட்டர் காற்று. பெட்டியை விரலால் தட்டினால் 'டொக்' என்று சுருக்கமாகக் கேட்க வேண்டும். 'டொம்ம்' என்று இழுத்தால் பலகையும் சேர்ந்து பாடுகிறது என்று அர்த்தம். அதற்காக உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தேன். மூட்டுகளில் காற்று கசியக் கூடாது. ஊஃபர் கூம்பை மெல்ல அழுத்திவிட்டால் அது அவசரப்படாமல் திரும்பி வர வேண்டும். வந்தது.

பிறகு தேக்கு வெனீர். ஒரே தாளிலிருந்து இரண்டு பெட்டிக்கும் வெட்டினேன், ரேகை பொருந்த வேண்டும் என்பதற்காக. 180 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு வைத்த பொட்டலத்தால் மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பின் ஒன்றாக ஏற்றினேன். நடுவில் ஐப்பசி மழை வந்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துப்போகும். ஒரு பக்கம் பூத்தே விட்டது. தேய்த்துவிட்டு வெயில் வரும்வரை காத்திருந்தேன். மொத்தம் மூன்று மாதம்.

இனி கிராஸ்ஓவர். 2500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஊஃபருக்கும் மேலே உள்ளதை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் காயிலும் கெபாசிட்டரும். பொதுவாக ட்வீட்டர் ஊஃபரைவிட உரக்கப் பேசும். அதை அடக்க இரண்டு ரெசிஸ்டர் போடுவோம். என் கணக்குப்படி 4 டெசிபெல் குறைக்க வேண்டும்: தொடரில் 3.3 ஓம், இணையாக 15 ஓம். போட்டுக் கேட்டேன். மந்தமாக இருந்தது. ஜால்ரா எங்கோ பக்கத்துத் தெருவில் ஒலிப்பது போல் இருந்தது. "கணக்கு கிடக்கட்டும், காது சொல்வதுதான் முடிவு" என்று 1.5 ஓமும் 33 ஓமுமாக மாற்றினேன். இப்போது குறைப்பு 2 டெசிபெல் கூட இல்லை. ஆஹா, தெளிவு என்றால் இதுதான் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். நண்பர் பெட்டியைத் தடவிப் பார்த்தார். "பாலிஷ் பிரமாதம் சார், கண்ணாடி மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் பாலிஷைத்தான் புகழ்ந்தார். எனக்கும் குளிர்ந்துபோகும். அவர் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஆறேழு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்பீக்கர் மேலும் மடித்த ஈரிழைத் துண்டு, சரியாக ட்வீட்டரை மறைத்துத் தொங்கியது. என்னைக் கண்டதும் நண்பர் பதறி எழுந்து, "தூசி படக் கூடாதேன்னு..." என்று இழுத்தார். பன்னிரண்டு வயதுப் பேத்தி போட்டு உடைத்துவிட்டாள்: "இல்ல தாத்தா, ஸ்வரம் பாடறப்ப ஒவ்வொரு 'ஸ'வும் காதுல குத்துது. அதான் பாட்டி துண்டு போட்டாங்க."

நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கும்தான்.

கைபேசியில் ஒற்றைச் சுருதி எழுப்பும் ஆப் ஒன்று வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் இணைத்து, அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைவாக வைத்து அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். 8000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் எனக்கு எல்லாம் நிசப்தம். ஆப் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவளோ காதைப் பொத்திக்கொண்டு, "இன்னும் கேக்குது, இன்னும் கேக்குது" என்றாள். 15000 வரை அவள் விடவில்லை.

அப்போதுதான் புரிந்தது. மந்தமாக இருந்தது ட்வீட்டர் அல்ல. என் காதில் குறைந்ததை ஊரார் காதில் ஏற்றியிருக்கிறேன். வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகள்தான். இரண்டு காதிலும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே தெரிவதில்லை. "டிவி சத்தத்தைக் குறைங்க" என்று என் மனைவி இரண்டு வருடமாகச் சொன்னதை நான் சண்டை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் காது பரிசோதனைக்குப் போனேன். வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் மாடிப்படி போல இறங்கியிருந்தது. எங்கள் துறையில் தொலைபேசிக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் போதும் என்று வைத்திருந்தோம். பேச்சு புரியும், அவ்வளவுதான். என் காதும் இலாகா விதிப்படி நடக்கத் தொடங்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய கணக்குப்படி 3.3 ஓம், 15 ஓம் ரெசிஸ்டர்களை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். அரை மணி நேர வேலை. எனக்கு அது இன்னும் மந்தமாகத்தான் கேட்கிறது. பேத்தியைப் பார்த்தேன். "இப்ப சரியா இருக்கு தாத்தா" என்றாள். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அன்று பாலிஷைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இப்போதும் பெட்டி செய்கிறேன். கடைசித் தீர்ப்பை அளவுக் கருவியும் அந்தக் குழந்தையும் சேர்ந்து சொல்வார்கள், நான் சொல்வதில்லை. என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணுக்கு வருடம் ஒருமுறை போகிறோம், காதுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், சண்டைக்குப் போகும் முன் ஒருமுறை யோசியுங்கள்.