நீர் செதுக்கிய பாலை

வட அமெரிக்காவின் சிவாவா பாலைவனம், மெக்சிகோவின் வடபகுதியிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மாநிலங்களுக்குள் நீண்டு கிடக்கும் பெருநிலமாகும். கள்ளியும் முட்புதரும் மண்டிய இந்நிலத்தைக் கடந்து செல்லும் பயணி, இங்குள்ள எல்லாவற்றையும் வெயிலும் காற்றுமே உருவாக்கியிருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் நியூ மெக்சிகோவின் தென்பகுதியில் காணத்தக்க இரு பெரும் காட்சிகளான கார்ல்ஸ்பாட் குகைகளுக்கும் ஒயிட் சாண்ட்ஸ் வெண்மணல் மேடுகளுக்கும் மூலகாரணம் நீரே.

கார்ல்ஸ்பாட் குகைகள் அமைந்துள்ள குவாடலூப் மலைத்தொடர், ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் எனப்படும் நிலவியல் காலத்தில், ஓர் உள்நாட்டுக் கடலின் விளிம்பில் வளர்ந்த திட்டாகும். இன்றைய பவளத்திட்டுகளைப் போலன்றிக் கடற்பஞ்சுகளும் சுண்ணாம்பு சுரக்கும் பாசிகளுமே இதைப் பெரும்பாலும் கட்டியெழுப்பின. கடல் வற்றியதும் பிற படிவுகளுக்கு அடியில் புதைந்த இத்திட்டு, நெடுங்காலத்திற்குப் பின் நிலம் மேலெழும்பியபோது மீண்டும் வெளிப்பட்டு மலையாக நின்றது. மலைப்பாதையில் நடக்கும்போது பாறைகளில் காணப்படும் தொல்லுயிர் எச்சங்கள் இவ்வரலாற்றின் நேரடிச் சான்றுகள்.

உலகின் சுண்ணாம்புக்கல் குகைகளில் மிகப் பெரும்பாலானவை, மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மென்மையான கார்பானிக் அமிலமாகி, பாறையை மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகக் கரைப்பதால் தோன்றியவை. கார்ல்ஸ்பாட்டில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அருகிலுள்ள எண்ணெய், எரிவாயுப் படுகைகளிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் வாயு, பாறை வெடிப்புகள் வழியே மேலேறி, நிலத்தடி நீரிலிருந்த ஆக்சிஜனுடன் கலந்து கந்தக அமிலமாக மாற, அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கீழிருந்தே அரித்துப் பெரும் கூடங்களைக் குடைந்தது. இவ்வேதிவினையின் விளைபொருளான ஜிப்சம் என்னும் வெண்ணிறக் கனிமம் இன்றும் குகைத் தரையில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. அதே வினையில் விளைந்த அலுனைட் என்னும் மற்றொரு கனிமத்தை ஆய்ந்த அறிவியலாளர்கள், குகையின் ‘பெரிய அறை’ சுமார் 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானது என்று 1998இல் கணித்தனர். ஒரு குகை எப்படிப் பிறந்தது என்பதையும் எப்போது பிறந்தது என்பதையும் அதன் தரையில் கிடக்கும் கனிமங்களே சொல்லும் இடங்கள் உலகில் மிகச் சிலவே.

இயற்கை வாயிலிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் நடைபாதை சுமார் 2 கிலோமீட்டர் நீளமுடையது. வெளியே கோடை வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சியே நிலவுவதால், இறங்க இறங்க வெளிச்சமும் வெப்பமும் ஒருசேர விலகுவதைப் பயணி உடலாலேயே உணர முடிகிறது. தரையிலிருந்து 229 மீட்டர் ஆழத்தில் விரியும் பெரிய அறை, சுமார் 1,200 மீட்டர் நீளமும் மிக அகன்ற இடத்தில் 190 மீட்டர் அகலமும் கொண்டது. கூரையிலிருந்து தொங்கும் ஸ்டாலக்டைட் படிவுகளும், தரையிலிருந்து எழும் ஸ்டாலக்மைட் படிவுகளும், இரண்டும் இணைந்த தூண்களும் இக்கூடத்தை நிறைத்துள்ளன. கூடத்தைக் குடைந்தது கந்தக அமிலமே என்றாலும், அதன் பின்னர் மேலிருந்து கசிந்த மழைநீர் துளித்துளியாக விட்டுச்சென்ற கால்சைட்டினால் ஆனவை இந்த அணிகலன்கள். இப்பகுதி இன்றையினும் ஈரமாக இருந்த காலங்களில் பெரும்பாலும் வளர்ந்த இப்படிவுகளில் மிகப் பலவற்றில் இப்போது நீர் சொட்டுவதில்லை. ஒன்று உடைந்தால் அதை மறுபடி வளர்க்கப் போதிய நீர் இப்பாலையில் இல்லை.

ஜிம் ஒயிட் என்னும் மாடு மேய்க்கும் இளைஞர் 1898ஆம் ஆண்டளவில் இக்குகையை ஆராயத் தொடங்கினார். வௌவால் எச்சம் உரமாக வெட்டியெடுக்கப்பட்ட சுரங்கத்திலும் பணியாற்றிய அவர், உள்ளே இருப்பதைப் பிறர் நம்பும்வரை பல்லாண்டுகள் எடுத்துரைத்தார். 1923இல் தேசிய நினைவுச்சின்னமாகவும், 1930இல் தேசியப் பூங்காவாகவும், 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகவும் இவ்விடம் அறிவிக்கப்பட்டது. கோடை மாலைகளில் வௌவால்கள் இலட்சக்கணக்கில் வாயிலிலிருந்து சுழன்றெழுந்து இரைதேடிப் பறக்கும் காட்சியைப் பாறைப் படிக்கட்டுகளில் அமர்ந்து காணலாம். அவை மிரளாதிருக்க, கைப்பேசி உள்ளிட்ட மின்னணுக் கருவிகள் அப்போது தடை செய்யப்படுகின்றன, நியாயமான தடை.

கார்ல்ஸ்பாட்டிற்கு வடமேற்கே, ஒயிட் சாண்ட்ஸ் அமைந்துள்ள துலரோசா வடிநிலத்தில் ஜிப்சம் வேறோர் உருவில் காட்சி தருகிறது. ஜிப்சம் நீரில் கரையும் கனிமமாதலால் ஆறுகள் அதைக் கடலுக்குக் கொண்டுசென்றுவிடுவதே வழக்கம். துலரோசாவிலிருந்து கடலுக்கு வழியில்லை. ஆதலால் மலைகளிலிருந்து கரைந்து வந்த ஜிப்சம் ஏரிகளில் தேங்கி, நீர் ஆவியானதும் படிகமாகி, பின் காற்றால் பொடிந்து, 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிய வெண்மணல் மேடுகளாயிற்று. நண்பகலிலும் வெறுங்காலுடன் நடக்குமளவு இம்மணல் சூடேறாமல் இருக்கிறது. பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை என 2021இல் வெளியான ஆய்வு கூறியது. அமெரிக்கக் கண்டங்களில் மனிதர் குடியேறிய காலத்தைப் பற்றிய பழைய கருத்தை அது அசைத்தது.

கார்ல்ஸ்பாட் பூங்காவிலுள்ள லெச்சுகியா குகை, 1986இல் உள்வழி திறக்கப்பட்டபின் 240 கிலோமீட்டர் அளவுக்கு வரையப்பட்டு, ஆய்வாளர் தவிர யாருக்கும் திறக்கப்படாமல் பாதுகாக்கப்படுகிறது. பொதுமக்கள் நுழையும் குகையின் நிலை அவ்வளவு பாதுகாப்பானதன்று. ஆடைகளிலிருந்து உதிரும் நூலிழைகளைத் தன்னார்வலர்கள் பாறைகளிலிருந்து பொறுக்கியெடுக்கின்றனர். 2024இல் யாரோ தவறவிட்ட ஒரு சோளத் தின்பண்டப் பொட்டலம் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்து, அங்கு இயல்பாக இல்லாத உயிர்களுக்கு உணவாயிற்று. இக்குகைக்குச் செல்வோர், மின்தூக்கி இருந்தாலும் உடல்நலம் இடங்கொடுத்தால் இயற்கை வாயில் வழியே நடந்து இறங்க வேண்டும். வெறும் தண்ணீரைத் தவிர வேறெதையும் உண்ணவோ பருகவோ உள்ளே கொண்டுசெல்லாமல், எந்தப் படிவின்மீதும் கை வைக்காமல் திரும்ப வேண்டும்.