ஹாக்கி மட்டையும் தலைமை ஆசிரியர் நாற்காலியும்

"விளையாட்டு சோறு போடுமா?"

தென்னேரி ஏரிக்கரையில் சாயங்காலம் மட்டையோடு நிற்கும் பையனாகட்டும், காஞ்சிபுரத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பையனாகட்டும், இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கேட்பவர் அப்பாவாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "ஒழுங்கா படிச்சு ஒரு கவர்மெண்ட் வேலைக்குப் போற வழியப் பாரு."

வெள்ளைக்காரன் காலத்தில் கவர்மெண்ட் வேலைகளுக்கெல்லாம் ராஜா ஐ.சி.எஸ். அந்த வேலைக்குத் தேர்வான பிறகு, ஹாக்கிக்காக அதையே விட்டுவிட்டு வந்த ஒரு மனிதர் இருந்தார். அப்புறம் அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் முதல்வராகவும் ஆனார். ஜெய்பால் சிங் முண்டா. நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வாழ்க்கை பெரிய அதிசயமில்லை. ஜான் கெண்டல் கார்பெண்டர் என்பவர் இங்கிலாந்து ரக்பி அணிக்காக 23 ஆட்டங்கள் ஆடினார், தலைவராகவும் இருந்தார். பிறகு மூன்று பள்ளிகளுக்குத் தலைமை ஆசிரியரானார். அங்கே மைதானத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு பாதை ஏற்கனவே போட்டிருந்தது. ஜெய்பால் சிங்குக்கு அப்படி எந்தப் பாதையும் இல்லை.

1903ல், இன்றைய ஜார்கண்டில் குந்தி பக்கத்தில் உள்ள தக்ரா என்ற கிராமத்தில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதில் மாடு மேய்த்தவர். ராஞ்சியில் மிஷனரிகள் நடத்திய செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியின் தலைவராக இருந்த ஆங்கிலப் பாதிரியார் கேனன் காஸ்கிரேவ், பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். அவர் மூலமாகத்தான் ஜெய்பால் இங்கிலாந்து போனார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. படித்தது பொருளாதாரம்! (காமர்ஸ் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) ஹாக்கியில் ஆக்ஸ்போர்டின் 'புளூ' கௌரவமும் பெற்றார்.

ஐ.சி.எஸ்.ஸுக்குத் தேர்வாகி இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தபோதுதான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்திய ஹாக்கி அணி முதன்முதலாக ஒலிம்பிக் போகிறது. தலைவர் ஜெய்பால் சிங். ஆனால் பயிற்சியிலிருந்து விடுப்பு கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன என்று கிளம்பிவிட்டார். திரும்பி வந்ததும், இன்னும் ஒரு வருடம் கூடுதலாகப் பயிற்சி எடு என்றார்கள். முடியாது என்று சொல்லி ஐ.சி.எஸ்.ஸையே விட்டுவிட்டார்.

பிளஸ் டூ பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை இழக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. ஜெய்பால் சிங் ஹாக்கிக்குக் கொடுத்த விலை, அந்தக் காலத்து மாவட்டக் கலெக்டர் நாற்காலி.

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது. எதிரணிகளுக்கு ஒரு கோல்கூட இல்லை. 14 கோல் தயான் சந்த் ஒருவரே அடித்தார். மே 26 அன்று இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்று வென்று இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியது. ஆனால் அன்று ஜெய்பால் களத்தில் இல்லை. அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அதற்கு முன்பே விலகிவிட்டார்.

இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. எந்த ஆட்டத்துக்காக வேலையையே விட்டாரோ, அதன் உச்சக்கட்டத்தில் அவர் இல்லை. கோபக்காரரா, சுயமரியாதைக்காரரா? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு சில சமயம் ரொம்ப மெல்லியது.

அதற்குப் பிறகு பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை. 1934ல் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர். 1937ல் ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியின் முதல்வர்.

பெயரில்தான் கல்லூரி. உண்மையில் அது சமஸ்தானத்து ராஜாக்கள், ஜமீன்தார்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்க வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பள்ளிக்கூடம். காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாடு மேய்த்த முண்டா பையன், நாளைக்கு மகாராஜாவாகப் போகிறவர்களுக்குத் தலைமை ஆசிரியர்! சினிமா என்றால் இங்கே 'சுபம்' போட்டு முடித்திருப்பார்கள்.

வாழ்க்கை அப்படி முடியவில்லை. அந்த நாற்காலியில் அவர் ரொம்ப நாள் உட்காரவில்லை. பிக்கானீர் சமஸ்தானத்தில் ஒரு உத்தியோகம் பார்த்துவிட்டு, 1939ல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார் எங்கிருந்தாவது கிடைத்துவிடுவார். சோட்டாநாக்பூர் காட்டுக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. காஸ்கிரேவ் மாதிரி ஒருவர் கண்ணில் பட்டால் உண்டு, படாவிட்டால் மாடுதான்.

1946ல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அந்த டிசம்பர் 19ஆம் தேதி அவர் பேசிய பேச்சு இன்றும் பேசப்படுகிறது. தன்னைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுவதாகச் சொன்னார். பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் சொல்லித்தர வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பழைய சுரண்டல்களையெல்லாம் எண்ணிக் காட்டிவிட்டு, இனி எல்லோருக்கும் சம வாய்ப்பு என்ற உங்கள் வாக்கை நம்புகிறேன் என்றும் சொன்னார்.

பெரிய பெரிய வக்கீல்கள் நிறைந்த சபையை ஒரு வகுப்பறை போல நடத்திய பேச்சு அது!

1952 தேர்தலில் அவருடைய ஜார்கண்ட் கட்சி பீகார் சட்டசபையின் பிரதான எதிர்க்கட்சி ஆனது. தனி மாநிலம் கேட்டார்கள். மாநிலச் சீரமைப்புக் குழு 1955ல் கொடுத்த அறிக்கையில் அதை ஏற்கவில்லை. 1963ல் ஜெய்பால் தன் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். கூட இருந்தவர்கள் பலருக்கு அது பெரிய ஏமாற்றம். இங்கேயும் இறுதி ஆட்டத்துக்கு முன்பே வெளியே வந்த மாதிரிதான் ஆயிற்று. 1970 மார்ச் 20ல் காலமானார். ஜார்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15 அன்று. முப்பது வருடம் தாமதம்.

அப்படியென்றால் இது தோற்றுப்போனவர் கதையா?

கணக்கை இன்னும் மூடிவிடாதீர்கள். 2021ல் ஜார்கண்ட் அரசு ஒரு உதவித்தொகைத் திட்டத்தில் முதல் மாணவர்களை அனுப்பியது. பழங்குடி மாணவர்கள் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் மேல்படிப்பு படிக்க அரசே செலவு செய்யும். திட்டத்தின் பெயர் 'மரங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டா' உதவித்தொகை. மரங் கோம்கே என்றால் அவர் மக்களின் மொழியில் பெருந்தலைவர் என்று பொருள்.

சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தலைமை ஆசிரியர் ஒரே ஒரு பையனைக் கப்பல் ஏற்ற வழி செய்தார். அன்று அது ஒருவருடைய நல்ல மனசு. இன்று அந்தப் பையன் பெயரில் அது ஒரு அரசுத் திட்டம். யார் கண்ணிலாவது பட வேண்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பம் போட்டு முயற்சி செய்யலாம்.

விளையாட்டு சோறு போடுமா என்றால்... ஜெய்பால் சிங்குக்கு அது போட இருந்த சோற்றையும் தட்டிவிட்டது என்பதுதான் உண்மை. ஆனால் யாருடைய தட்டில் சோறு இல்லை என்று பார்க்கிற கண் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அடுத்த தடவை பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்ல வேண்டாம். இந்தக் கதையைச் சொல்லுங்கள்.