லிங்கநகர் மழையில் கிரி மாமா

திருகோணமலை லிங்கநகரில் மாரி தொடங்கிவிட்டால் எங்கள் ஒழுங்கையில் போகிறவர் யாரென்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. பாதிப்பேர் சாக்குக் கொங்காணிக்குள் இருப்பார்கள். சாக்கின் அடி மூலை ஒன்றை மற்ற மூலைக்குள் தள்ளி மடித்துத் தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடிவிடும். கடைக்குப் போக, கிணற்றடிக்குப் போக, விடியற்காலையில் துறைமுகத்து வேலைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் ஒரு குடை இருந்தது. அது அப்பாவுடையது. கறுப்புத் துணி, வளைந்த பிடி. முறிந்த கம்பி ஒன்றை அம்மா நூலால் சுற்றிக் கட்டியிருந்தா. பிள்ளைகள் தொடக்கூடாது.

எழுபதுகளின் கடைசி அது. பக்கத்து வளவில் காலிப் பக்கத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அவருடைய மனைவி, எங்களுக்கு மாமி, வீட்டில்தான். சித்திரைக்கு அங்கிருந்து கொக்கிஸ் பலகாரம் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து புக்கை போகும். மாமியின் தமிழ் பிழையும் வேகமுமாக இருக்கும். எங்களை "புதே" என்றுதான் கூப்பிடுவா. "புதே" என்றால் மகனே. தங்கச்சியையும் சிலவேளை அப்படியே கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பா.

மழை நாட்களில் எங்களுக்குப் போக்கிடம் அந்த வீட்டுத் திண்ணை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலாக மாமி கத்திக் கத்தி ஒரு புத்தகம் வாசிப்பா. முதலில் சிங்களத்தில் ஒரு பக்கம், பிறகு தன்னுடைய தமிழில் அதே பக்கம். அதற்குள் நாங்கள் படத்தைப் பார்த்துப் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்போம். குடை என்ற ஒன்றையே அறியாத ஒரு கிராமம். மழை வந்தால் அங்குள்ளவர்கள் வாழையிலையையும் சேம்பிலையையும் சாக்கையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் தங்கச்சி, "எங்கட ஆக்கள்!" என்று கூவினாள். அந்தக் கிராமத்துக் கிரி மாமா பட்டணம் போய் ஒரு குடை வாங்கிக்கொண்டு வருகிறார். ஊருக்குள் வந்ததும் அதை ஒளித்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார். திரும்பி வந்தால் குடையைக் காணோம். இன்னொன்று வாங்குகிறார், அதுவும் காணாமல் போகிறது. இப்படியே போகப்போக, ஒருநாள் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். சிந்திய துண்டுகளைப் பின்தொடர்ந்து போனால் காட்டுக்குள் ஒரு மரம், அதில் வரிசையாகக் குடைகள் தொங்குகின்றன. திருடியது ஒரு குரங்கு.

அந்த மரத்தின் படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எங்களுக்கு அலுக்கவில்லை. கோடுகள் தடிப்பாக, வளைந்து வளைந்து ஓடும். சாரத்தின் மடிப்பிலும் பெண்களின் சீத்தையிலும் பூவும் புள்ளியும் நிரம்பியிருக்கும். ஒரு ஆளின் குனிவைப் பார்த்தே அவர் களைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கிரி மாமா எல்லாக் குடைகளையும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் குரங்குக்கு விட்டுவிட்டு வருவார். ஊரில் குடைக்கடையும் போடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கள்ளன் பிடிபட்டால் அடி விழ வேண்டும், அல்லது அவன் திருந்த வேண்டும். "மாமி, குரங்குக்கு அடி விழல்லியா?" என்று கேட்டேன். மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதுக்குப் புதே அடி? அதுக்கும் மழைதானே" என்றா.

புத்தகத்தை எழுதியவர் யாரென்று அப்போது நாங்கள் கேட்கவுமில்லை, மாமி சொல்லவுமில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு திருகோணமலையில் யார் எங்கே போனார்கள் என்பது வேறு கதை. அந்த வளவும் வெறுமையானது. வளர்ந்து கொழும்பில் வேலைக்கு வந்த பிறகு ஒரு புத்தகக் கடையில் அதே மரத்தையும் அதே குடைகளையும் கண்டேன். அட்டையில் சிபில் வெத்தசிங்க என்று இருந்தது.

அவர் 1927இல் காலிக்குப் பக்கத்திலுள்ள கிந்தோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. ஓவியப் பள்ளி எதிலும் படிக்காமல் தானாகவே வரையப் பழகியவர். பதின்ம வயதிலேயே பள்ளி வாசிப்பு நூலுக்குப் படம் போட்டார். 1948இல் 'லங்காதீப' பத்திரிகையில் சேர்ந்து, பிறகு லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனதா' பத்திரிகைக்குப் போனார். பெண்கள் பத்திரிகை அலுவலகத்தில் அபூர்வமாக இருந்த காலம் அது. அங்கேதான் 1956இல் கிரி மாமாவின் கதை பிறந்தது. அதுவே அவர் சிறுவருக்காக எழுதிய முதல் கதை. அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். எண்பதுகளில் அந்தக் குடைக்கதை ஜப்பானுக்குப் போய் அங்கேயும் விருது வாங்கியது. மழைக்கும் குரங்குக்கும் விளக்கவுரை வேண்டாம்தானே!

கிந்தோட்டைக் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவு நூலுக்கு 1995இல் கிரேஷன் பரிசு கிடைத்தது. மைக்கேல் ஒண்டாச்சி தன் புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு ஏற்படுத்திய பரிசு அது. சிறுவர் எழுத்தாளர் என்றால் இரண்டாந்தரம் என்று நினைப்பவர்கள் இரு மொழியிலும் உண்டு. அவர்கள் அந்த நூலைப் படிக்கலாம். கடைசி வரை அவர் பிள்ளைகளை விட்டு விலகவில்லை. ஒரு கதையை முடிக்காமல் விட்டு, முடிவை எழுதி அனுப்பும்படி பிள்ளைகளிடமே கேட்டார். வந்தவற்றில் 1,250 முடிவுகளோடு வெளியான அந்தப் புத்தகம் 2020இல் கின்னஸ் சாதனையானது. அதே ஆண்டு, தமது 92ஆவது வயதில் அவர் காலமானார்.

தமிழிலும் நமக்கு ஆட்கள் இல்லாமலில்லை. கேணிப்பித்தன் என்ற பெயரில் சிறுவருக்கு எழுதிய ச. அருளானந்தம் எங்கள் திருகோணமலைக்காரர்தான். ஆனால் நம்முடைய சிறுவர் நூல்களில் பெரும்பாலானவை இன்னும் பிள்ளையைத் திருத்தத்தான் துடிக்கின்றன. கதை முடிந்த கையோடு ஒரு நீதி வந்து நிற்கும். படமோ, கதை அச்சுக்குப் போகும்போது யாரிடமாவது கேட்டு வாங்கியதாக இருக்கும். சிபிலிடம் கோடும் கதையும் ஒரே கையிலிருந்து வந்தன. குற்றம் செய்த குரங்குக்கும் ஒரு குடை மிஞ்சியது.

கிரி மாமாவின் புத்தகம் எந்த மொழியில் கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். பிள்ளைக்கு முதலில் படங்களைக் காட்டுங்கள், கதையை அதுவே சொல்லட்டும். பிறகு நீங்கள் வாசியுங்கள், சத்தமாக.