"சிலிண்டர் மேல பலகை போட்டு உக்காருவோம்மா!" - ஸ்கூல் வேன் கதவு மூடியபிறகு நடப்பது என்ன?

காலை ஏழரை மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஜி.எஸ்.டி சாலையோரம் நின்றால் இரண்டு வகை வண்டிகள் அதிகம் கண்ணில்படும். ஒன்று, ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். இன்னொன்று, ஸ்கூல் வேன். பல வீடுகளில் இரண்டாவது வந்தால்தான் முதலாவதைப் பிடிக்க முடியும்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவருக்கும் அதே கணக்குதான். மகன் 2-ம் வகுப்பு. பள்ளி பஸ் அவர்கள் தெருப்பக்கம் வராது. அதனால் அக்கம்பக்கத்தினர் சேர்ந்து பேசிவைத்த ஆம்னி வேன். வேன்கார அண்ணன் நேரம் தவற மாட்டார், பிள்ளைகளிடம் சிடுசிடுக்க மாட்டார். வேறென்ன வேண்டும்?

ஒருநாள் இரவு சாப்பிடும்போது மகன் சாதாரணமாகச் சொன்னான்... "நாங்க மூணு பேரும் பின்னாடி கேஸ் சிலிண்டர் மேல பலகை போட்டு உக்காருவோம்மா. ஜாலியா இருக்கும்!"

அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது 2012-ம் ஆண்டு. அப்போது அவர் தாம்பரத்தில் கல்லூரி மாணவி.

ஓட்டை வழியே போன உயிர்

அந்த ஆண்டு ஜூலை 25 மாலை, தாம்பரம் அருகே முடிச்சூரில், 2-ம் வகுப்புச் சிறுமி ஒருவர் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்தார். ஆத்திரமடைந்த மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது என்பதுதான் எல்லோரையும் உலுக்கியது. தாளில் எல்லாம் சரி, தரையில்தான் ஓட்டை.

சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழக அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. மஞ்சள் நிறம், உதவியாளர், அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் கட்டாயம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் முன் போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறை அதிகாரிகள் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பது அதன்படிதான்.

2022 மார்ச் 28 அன்று சென்னை வளசரவாக்கத்தில், வேனிலிருந்து இறங்கிய 2-ம் வகுப்பு மாணவர் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அதே வேன் மோதி இறந்தார். பிறகு முன்னும் பின்னும் கேமரா, பின்பக்கம் சென்சார் கட்டாயமாயின. நம் ஊரில் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது.

"கட்டுப்படி ஆகாதும்மா!"

சிக்கல் என்னவென்றால், பெற்றோரே பேசிவைக்கும் வேன்கள் பெரும்பாலும் அந்தச் சோதனை மைதானத்துக்கே வருவதில்லை. வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த வண்டியில் கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றுவதே சட்டப்படி தவறு. ஆனால், புகார் செய்தால் நாளைக் காலை வேன் நின்றுவிடும். கம்பெனி பஸ்ஸும் போய்விடும். இந்தப் பயம்தான் பலரின் வாயைக் கட்டிப்போடுகிறது.

மறுநாள் அந்த அம்மா வேன்கார அண்ணனிடம் கேட்டார். "ஆளைக் குறைச்சா கட்டுப்படி ஆகாதும்மா" என்றார் அவர். அவர் சொன்னதும் பொய்யில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள், வண்டிக்கு மாதத் தவணை.

இவர் விடவில்லை. வேனில் பிள்ளைகளை அனுப்பும் மற்ற அம்மாக்களிடம் பேசினார். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்றார் ஒருவர். "முடிச்சூர்லயும் அன்னிக்குக் காலைல வரைக்கும் ஒண்ணும் ஆகலக்கா" என்றார் இவர். அதன்பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஐந்து பேர் சேர்ந்து பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள், தங்கள் தெருமுனை வரை பள்ளி பஸ் வர வேண்டும் என்று. இரண்டு மாதம் அலைந்தபிறகு பஸ் வந்தது. கட்டணம் கூடுதல்தான். வேன் வருமானம் குறைந்த அண்ணன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தம் இவருக்கு இன்னும் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பள்ளி வாகனம் என்றால் ஒருமுறையாவது நீங்களே ஏறி, தரை, கதவு, அவசர வழியைப் பாருங்கள். உதவியாளர் இருக்கிறாரா, பிள்ளையை இறக்கி யாரிடம் ஒப்படைக்கிறார் என்று கேளுங்கள். தனியார் வேன் என்றால் எத்தனை பேர், எங்கே உட்காருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி காது கொடுக்காவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் போன் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளையிடம் பேசுங்கள். 'இன்னிக்கு என்ன பாடம்?' என்று தினமும் கேட்கிறோம். 'இன்னிக்கு வேன்ல எங்க உட்கார்ந்த? பக்கத்துல யாரு?' என்றும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஜாலியாகத் தெரிவதில் இருக்கும் ஆபத்து, நம் காதில் விழுந்தால்தான் புரியும்.