புதுத்துணி எடுக்காத ஈஸ்டர்

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராக ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கைக் காவலர்கள் கைது செய்தார்கள். அன்றைய புகைப்படங்களில் அவரும் அவருடைய போராட்டத் தோழர் ரால்ஃப் அபர்னதியும் ஜீன்ஸும் முரட்டுத் துணிச் சட்டையுமாக, கூலி வேலைக்குக் கிளம்பியவர்கள் போல இருக்கிறார்கள். கிங்கை எப்போதும் கோட்டும் டையுமாகவே பார்த்துப் பழகிய எனக்கு, அந்தப் படங்களைச் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை.

ஈஸ்டருக்குப் புதுத்துணி எடுப்பது அங்கே நம் தீபாவளிக் கோடி மாதிரி. அந்நாளில் கடைக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய வியாபாரம் அதுதான். ஆனால் பர்மிங்ஹாமின் பெரிய கடைகளில் அன்று கறுப்பின மக்கள் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. காசு கொடுத்து வாங்கப்போகும் உடுப்பை டிரயல் ரூமில் போட்டுப் பார்க்கவும் தடை. அதனால் அந்த ஈஸ்டருக்குப் புதுத்துணி வேண்டாம் என்று போராட்டக்காரர்கள் அறைகூவல் விடுத்தார்கள். கிங்கின் ஜீன்ஸ் அந்த அறைகூவலின் ஒரு பகுதி. பிள்ளைகளுக்குப் பழைய உடுப்பைத் துவைத்துப் போட்டு தேவாலயத்துக்குக் கூட்டிப் போன தாய்மார்களை நினைத்துக்கொள்கிறேன். ஊர்வலத்தில் நடக்க முடியாதவர்களாலும் பணப்பையைத் திறக்காமலே போராட முடிந்தது. மே 10 அன்று அறிவித்த உடன்பாட்டில், உணவு மேசைகளோடு டிரயல் ரூம்களும் எல்லோருக்கும் திறக்கும் என்ற வாக்குறுதி இருந்தது. வாக்குரிமையையும் பள்ளிகளையும் பற்றிப் பேசும் நூல்கள் இந்தச் சின்ன அறையை வேகமாகக் கடந்துவிடுகின்றன. உடுத்திப் பார்க்கும் உரிமைக்காகவும் மக்கள் சிறைக்குப் போனார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி.

கிங் ஜீன்ஸ் அணிவதற்கு முன்பே மாணவர்கள் இந்த முரட்டுத் துணி உடுப்புக்கு வந்திருந்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் உணவு மேசை முன் உட்கார்ந்து மறியலைத் தொடங்கிய நான்கு மாணவர்கள் நேர்த்தியாக உடுத்தியிருந்தார்கள். கறுப்பர்கள் அழுக்கானவர்கள், நாகரிகம் இல்லாதவர்கள் என்ற பொய்க்கு அது பதில். ஆனால் அதே ஆண்டு உருவான மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள், மிசிசிப்பி கிராமங்களுக்குள் வாக்காளர்களைச் சேர்க்கப் போனபோது கோட்டைக் கழற்றிவிட்டு டெனிம் ஓவரால்ஸ் மாட்டிக்கொண்டார்கள். வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் கிடந்த பருத்தி உழவர்களின் உடுப்பு அது. பெண்களும் அதை அணிந்தார்கள். புழுதியையும் சிறையையும் தாங்கும் துணி என்ற வசதியும் அதில் இருந்தது. ஆனாலும் பெற்றோர் பாடுபட்டுக் கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளைகள், எந்த உடுப்பிலிருந்து விடுபடப் படித்தார்களோ அதையே விரும்பி மாட்டிக்கொண்டார்கள். கோட்டும் தேவைதான், மறுக்கவில்லை. என் மனம் ஓவரால்ஸின் பக்கம்தான்.

1966இல் ஓக்லந்து நகரில் கறுப்பின மக்களுக்காகப் பிறந்த கருஞ்சிறுத்தைக் கட்சியின் கறுப்புத் தோல் ஜாக்கெட்டும், வெளிர்நீலச் சட்டையும், பெரே தொப்பியும் இன்று எல்லோருக்கும் தெரியும். ஃபேஷன் உலகம் அதிகம் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். அதே கட்சி 1969 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவு இலவசமாகப் போட்டது பலருக்குத் தெரியாது.

கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸுக்கு நேர்ந்தது இன்னும் வேதனை. 1970இல் அவரைத் தேடப்படும் குற்றவாளியாக எஃப்பிஐ அறிவித்தபோது, அவரைப் போல ஆஃப்ரோ முடி வைத்திருந்ததற்காகவே கறுப்பினப் பெண்கள் பலரைக் காவலர்கள் மடக்கினார்கள். 1972இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 1994இல் ஓர் இதழ், நடிகை ஒருவரை ஏஞ்சலா போல அலங்கரித்து ஃபேஷன் படங்கள் வெளியிட்டது. தேடப்பட்ட நாட்களின் காட்சிகளும் அதில் உடை விளம்பரமாகின. தன்னைப் பலர் ஒரு முடியலங்காரமாக மட்டுமே நினைவில் வைத்திருப்பது எவ்வளவு அவமானம் என்று ஏஞ்சலாவே எழுதினார். அவர் சொன்னது நியாயம்.

அதனால் போராட்டத்தை நினைவூட்டும் இப்படிப்பட்ட உடைகளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போராட்டச் சின்னமான உயர்த்திய முஷ்டி அச்சிட்ட டி-ஷர்ட்டை ஓர் இளம்பெண் போட்டுக்கொண்டு, அது யாருடைய முஷ்டி என்று தேடத் தொடங்கினால் எனக்கு மகிழ்ச்சிதான். வாங்குங்கள், போடுங்கள். ஆனால் விற்ற பணத்தில் அந்தக் கறுப்பின மக்களுக்கு ஏதாவது போகிறதா, தைத்த கைகளுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால், பர்மிங்ஹாம் தாய்மார்களைப் போலப் பணப்பையை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள்.