கைராசி இல்லாத பை!

மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறி, திருமங்கலம் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் காடு விரிய ஆரம்பித்தால், டி. கல்லுப்பட்டி வரப்போகிறது என்று அர்த்தம். 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. கிராமப் பொருளாதாரத்துக்காகவே வாழ்ந்த ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்ததும் இங்கேதான். நான் போனது அப்படி ஒன்றும் உயர்ந்த காரியத்துக்கு இல்லை. மாமாவிடம் ஓசியில் ஒரு ஒட்டு மாங்கன்று வாங்க!

மாமா ரிட்டயர்டு வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் கன்றுகளை பெஞ்ச் பெஞ்சாக உட்கார வைத்திருந்தார். ஒரு வரிசை மண்தொட்டி, ஒரு வரிசை கறுப்பு பாலிதீன் பை, கடைசி வரிசையில் பனையோலைக் கொட்டான்.

பாலிதீன் பையில் ஆளுயரத்துக்கு நின்ற ஒன்றைக் காட்டி, "இதைக் குடுங்க மாமா" என்றேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் ஒசரத்தைத்தான் பாத்தியா மாப்ளே?" என்றார். என் மனைவி என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். பேசாமல் இருந்துவிட்டேன்.

பிளேடால் பையைக் கிழித்தார். உள்ளே வேர் சும்மாடு மாதிரி சுற்றிக் கிடந்தது.

எனக்குத் திக்கென்றது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் இதே போல ஆளுயர ஒட்டுக்கன்று ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். நாலாவது வருஷம் ஆடிக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால், வேர் அப்போதும் பையின் அச்சாகவே இருந்தது. "எனக்குக் கைராசி இல்லப்பா" என்றார் அப்பா. அதற்கப்புறம் ஒரு செடிகூட வைக்கவில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

"மச்சான் கையில ஒரு கோளாறும் இல்ல மாப்ளே. பை வழவழன்னு இருக்கும். போற வேர் சுவத்துல முட்டி, வழி இல்லாம சுத்த ஆரம்பிக்கும். விக்காத கன்னு அதே பையில வருஷக்கணக்கா கெடந்தா சுத்துன சுத்துதான். தரையில வெச்சாலும் விரியாது. மேல தளதளன்னு இருக்கும், கீழ பிடிமானம் இருக்காது."

"அப்ப மண்தொட்டி?"

"முந்தியெல்லாம் நெருக்கு ஒட்டுக்குத் தொட்டிதான். தாய் மரத்துக்குப் பக்கத்துல பரண் கட்டி, தொட்டியோட தூக்கி வெச்சு, கிளையோட சேத்துக் கட்டுவாங்க. தொட்டி மூச்சு விடும், வேர் குளுகுளுன்னு இருக்கும். ஆனா தண்ணி சீக்கிரம் காயும், தூக்கினா இடுப்பு ஒடியும். ரொம்ப நாள் விட்டா அதுலயும் வேர் சுத்தும். கொட்டான் வருஷக்கணக்கா தாங்காது. ஆனா அப்படியே குழியில வெச்சிரலாம். ஓலை இத்துப்போகும், வேர் வெளியே வரும்."

2019-ல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்ததையும், குமரப்பா இருந்திருந்தால் கொட்டானுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பார் என்பதையும் சொன்னேன். "ஓட்டு இருக்கட்டும், ஒட்டைக் கவனி" என்றார் மாமா. ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும். பைக்கன்று என்றால் பையை முழுசாகக் கிழித்து, சுற்றிய வேரைக் கத்தரித்துவிட்டு நட வேண்டும். கரிசல் கோடையில் வெடிக்கும், அதனால் குழியில் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போட வேண்டும். வாத்தியார் இல்லையா, திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கடைசியில் என் முழங்கால் உயரத்துக்கு ஒரு கொட்டான் கன்றைக் கொடுத்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கொட்டான்ல என்ன சார், கருப்பட்டியா?"

"மாங்கன்னு."

"இம்புட்டூண்டா! யாருக்கு சார்?"

"அப்பாவுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. திருத்தவில்லை.